நேராக வைத்த டிஷ்களைச் சாய்த்த கதை

ஏணியில் கால் வைக்கும் முன்பு அவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு தடவை வானத்தைப் பார்ப்பார். பார்க்கிறவர்கள், செயற்கைக்கோள் எந்தத் திசையில் இருக்கிறதென்று மனக்கணக்குப் போடுகிறார் என்று நினைத்து வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார்கள். கணக்கும் இல்லை, ஒன்றும் இல்லை. முழங்காலுக்கு மூச்சு விட நேரம் கொடுக்கிறார், அவ்வளவுதான். ஆனால் அதை வெளியே சொல்ல வேண்டிய அவசியம் என்ன? தொழில்காரன் கொஞ்சம் கெத்தாக நின்றால்தான் கீழே நிற்கிறவனுக்கு நம்பிக்கை வரும்.

பள்ளிக்கூடம் அவரைச் சீக்கிரமே கைகழுவிவிட்டது. அதற்காக அவர் ஒருநாளும் மூக்கைச் சிந்தியதில்லை. தொலைக்காட்சி வந்த காலத்தில் அலுமினியக் குழாயைத் தோளில் சுமந்து மாடி மாடியாக ஏறினார். அப்புறம் கேபிள். அப்புறம் டிஷ். கடைசியில், கம்பியே போகாத இடத்துக்கெல்லாம் வானத்திலிருந்து இணையம் இறங்கும் என்று ஒரு கம்பெனி வந்தபோது, கல்குவாரி, செங்கல் சூளை, மேட்டுக் குடியிருப்பு என்று ஒருத்தனும் சீந்தாத பகுதியின் வேலையை வாங்கிக்கொண்டார். படித்துப் பட்டம் வாங்கியவர்கள் மெயின் ரோட்டோடு நின்றுவிட்டார்கள். மேடு ஏறியவர் இவர்தான். இன்றைக்கு அந்தப் பக்கம் எந்தக் கூரையில் டிஷ் நின்றாலும் அது அவர் கை. இதில் ஒரு சொல்லைக்கூட யாரும் குறைக்க முடியாது.

அவர் வைத்த டிஷ்ஷைத் தெருமுனையிலிருந்தே அடையாளம் சொல்லிவிடலாம். டிஷ்ஷின் வயிற்றிலிருந்து ஒரு கை நீட்டிக்கொண்டிருக்கும் அல்லவா, அதன் நுனியில் உள்ள பெட்டியை அவரும் அவருடைய மச்சானும் மூக்கு என்பார்கள். சிக்னலை வாங்குவதும் அதுதான், அனுப்புவதும் அதுதான். மற்றவர்கள் தங்கள் பகுதிகளில் வைத்த டிஷ்களில் அந்த மூக்கு ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். இவர் வைத்ததில் கைப்பிடிச் சுவரோடு சேர்த்துக் கோடு போட்ட மாதிரி நேராக நிற்கும். முதல் டிஷ்ஷை மரக்கடைக்காரரின் கடைமேல் வைத்தபோதே தொடங்கிய பழக்கம் அது. தெருவில் நின்று அண்ணாந்து பார்த்த மரக்கடைக்காரர், "என்னய்யா இது, மூக்கு கோணிக்கிட்டு நிக்குது? என் கடை நிலைக்கதவைவிட அதுதான் முதல்ல கண்ல படுது" என்றார். இவர் மேலே போய்த் திருகி நேராக்கினார். மீட்டரில் சிக்னல் பெயருக்குத்தான் குறைந்தது. பார்க்கவோ அத்தனை லட்சணம். அன்றிலிருந்து எல்லாமே நேர். புதிதாகக் கேட்டு வருகிறவர்களை அந்தக் கடைமுன் கூட்டிப்போய் நிறுத்தி, "இதுதான் என் கைவேலை" என்று காட்டுவார். கம்பெனியின் கண்ட்ரோல் ரூமில்கூட அவருக்கு 'நேர்கோடு' என்றே பெயராகிவிட்டது. அதைக் கேட்டால் அவருக்கு உச்சி குளிரும்.

அந்தக் குளிர்ச்சியெல்லாம் பழைய கதை. இப்போது கொஞ்ச காலமாகப் பொழுது சாய்ந்தால் அவருடைய போன் அலறத் தொடங்கிவிடும். எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் எல்லோரும் எதையாவது பார்க்க உட்கார, வேகம் படுத்துவிடும். படம் நிற்கும், முகம் உறையும், குரல் இழுக்கும்.

"என்னங்க, காசு வாங்கறப்ப மட்டும் வேகமா வர்றீங்க" என்பார் ஒருத்தர்.

"வட்டம் சுத்துது, சுத்துது, சுத்திக்கிட்டே இருக்கு. எனக்கே தலை சுத்துது" என்பாள் ஒரு அம்மா.

"நான் வச்சதுல குத்தம் இல்லம்மா. மேல இருக்கற குடம் ஒண்ணு, கீழ வாய் ஆயிரம். குடம் எப்படித் தாங்கும்? கம்பெனியைக் கேளுங்க" என்று இவர் சொல்லுவார். ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி அவருக்கே அது சலித்துப்போயிருந்தது.

ஒருநாள் மதியம் கண்ட்ரோல் ரூமிலிருந்து போன் வந்தது. பேசியது அவருக்கு வழக்கமாகச் சிக்னல் சரிபார்த்துக் கொடுக்கும் பெண். நேரில் பார்த்ததே இல்லை. ஆனாலும் பல வருஷப் பழக்கம்.

"அண்ணே, சாப்பிட்டாச்சா?"

"நீங்க சாப்பாட்டைக் கேட்டாலே ஏதோ வேலை வருதுன்னு அர்த்தம் தங்கச்சி. விஷயத்தைச் சொல்லுங்க."

"சாயங்காலம் வேகம் குறையுதுன்னு திட்டறீங்கல்ல, அதுக்கு வழி பிறந்திருக்கு. அலையை நிக்க வச்சும் அனுப்பலாம், படுக்க வச்சும் அனுப்பலாம். இத்தனை நாளா எல்லாரையும் நிக்க வச்சே அனுப்பிக்கிட்டிருந்தோம். படுக்கை பக்கம் சும்மா கிடந்துச்சு. அதையும் திறந்துட்டா அதே செயற்கைக்கோள்ல ரெண்டு பங்கு போகும்."

"திறங்களேன்! யார் கையைப் பிடிச்சா?"

"நீங்கதாண்ணே."

இவர் போனைக் காதிலிருந்து எடுத்து ஒரு தடவை பார்த்துவிட்டு மறுபடி வைத்துக்கொண்டார்.

"உங்க டிஷ்ல இருந்து வர்ற அலை நிக்கவும் இல்ல, படுக்கவும் இல்ல. சாஞ்சுக்கிட்டு வருது. உங்க ஆளுக்கு அது நல்லாத்தான் ஓடும். ஆனா அதுல ஒரு துண்டு படுக்கை பக்கத்துல போய் விழுது. ரயில்ல ஒருத்தர் ரெண்டு சீட்லயும் காலை நீட்டிக்கிட்டா மத்தவங்க எங்க உட்கார்றது?"

"ஊர்லயே நேரா இருக்கறது என் டிஷ்தான். சாஞ்சுக்கிட்டு வருதுன்னா எப்படி?"

"தரைக்கு நேரா இருக்குண்ணே, செயற்கைக்கோளுக்கு நேரா இல்ல. நாம அதுக்கு நேர் கீழ இல்லையே, ஒரு ஓரமா இருக்கோம். இங்க மூக்கைச் சாய்ச்சாதான் அங்க போறப்ப நிமிர்ந்து போகும்."

"அப்ப இத்தனை வருஷமா வாயில என்ன வச்சிருந்தீங்க?"

"அந்தப் பக்கம் ஆளே இல்லாதப்ப யார் கவனிச்சா? காலி வீட்டுக்குள்ள கால் நீட்டினா கேக்கறதுக்கு ஆள் வேணும்ல" என்றவள் குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, மத்த பகுதியெல்லாம் சுத்தமா இருக்கு. உங்க பகுதிதான் முழுசா பாக்கி. இந்த மாசக் கடைசிக்குள்ள முடியலன்னா பகுதியை வேற குழுவுக்குக் கொடுத்துடறதா மேல பேசிக்கறாங்க. நான் சொன்னதா சொல்லிடாதீங்க."

வீட்டில் அவர் மனைவி அவருடைய முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். "எல்லாக் கூரையும் ஏறணுமா?"

"எல்லாம்."

"குடுத்துடுங்களேன். சின்னப் பசங்க ஏறட்டும். முட்டியாவது மிஞ்சும்."

"நானா குடுக்கறது வேற. அவன் பிடுங்கறது வேற."

"முட்டிக்கு அந்த வித்தியாசமெல்லாம் தெரியுமா?" என்று அவள் காலைச் சற்று அழுத்தியே கீழே வைத்தாள். அவருக்கு வலித்தது.

அவள் தம்பிதான் வேன் ஓட்டுகிற மச்சான். கல்யாணத்தன்று கூட ஒட்டிக்கொண்டவன், இன்னும் இறங்கவில்லை. வாய் மட்டும் ஓயாது. ஏணியின் அடியைப் பிடித்துக்கொண்டு மேலே நிற்கிறவரிடம் வம்பளப்பதுதான் அவனுக்குத் தெரிந்த தொழில். ஆனால் பிடி மட்டும் தளராது, அதையும் சொல்லியாக வேண்டும்.

மறுநாள் காலை தொடங்கினார்கள். வேலை ஒன்றுதான், ஒவ்வொரு கூரையிலும் ஒன்றேதான். மேலே ஏற வேண்டும். போனைத் துண்டால் காதோடு கட்டிக்கொள்ள வேண்டும். கண்ட்ரோல் ரூமில் அந்தப் பெண் திரையைப் பார்த்துக்கொண்டு, "கொஞ்சம் வலது... இன்னும்... இன்னும்... ஐயோ தாண்டிட்டீங்க, மயிரிழை திரும்பி வாங்க... நிறுத்துங்க, மூச்சு விடாதீங்க, முடுக்குங்க" என்பாள். மூக்கைப் பிடித்திருக்கும் போல்ட்டுகளோ துரு ஏறி, கழற்றும்போது கையைக் கிழித்தன. தகரக்கூரை காலைச் சுட்டது. ஒரு வீட்டில் மூக்குக்குப் பின்னால் குருவி கூடு வைத்திருந்தது. இன்னொரு வீட்டில் டிஷ்ஷின் கையிலேயே கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள்.

"இதுல ஜமுக்காளத்தைக் காயப்போட்டா இணையம் எப்படிம்மா வரும்?"

"ஜமுக்காளம் போன வாரம்தான் போட்டேன். இணையம் போன வருஷத்துல இருந்தே வரல" என்றாள் அந்த வீட்டு மருமகள்.

கீழே மச்சான் ஏணி குலுங்கச் சிரித்தான்.

வீட்டுக்காரர்களிடம் என்ன சொல்வது என்பதற்கு அவர் முதல் நாளே ஒரு வார்த்தை பிடித்து வைத்திருந்தார். "கம்பெனி அப்கிரேடு பண்றாங்க." அதற்கு மேல் கேள்வி வராது. இங்கிலீஷ் வார்த்தை போட்டால் பாதிப்பேர் தலையாட்டிவிடுவார்கள், மீதிப்பேர் தெரிந்த மாதிரி தலையாட்டுவார்கள்.

"மாமா, அப்கிரேடுன்னா மேல ஏத்தறதுதானே? நீங்க வச்சதைக் கோணலாக்கறதுக்கும் அதேதான் பேரா?" என்பான் மச்சான் வேனில்.

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"ரோடு நேராத்தான் போகுது. உங்க டிஷ்தான்..."

"வேனை நிறுத்துடா, நான் நடந்தே போறேன்."

"நடக்கற காலைப் பாரு" என்று மச்சான் கியரை மாற்றினான்.

வேலை முடிந்து தெருவுக்கு வந்து திரும்பிப் பார்ப்பார். முன்பெல்லாம் அந்த ஒரு பார்வைக்காகவே ஏறலாம் என்று இருக்கும். இப்போது ஒவ்வொரு கூரையிலும் மூக்கு சாய்ந்து, தூங்கி விழுகிறவன் கழுத்து மாதிரி தெரிந்தது. கண்ட்ரோல் ரூமில் அவள் "அருமை அண்ணே, துளி கசிவு இல்ல" என்பாள். அவருக்கு அது காதில் ஏறாது. வாய்க்குப் பிடிக்காத சோற்றை அவசரமாக விழுங்குகிறவன் மாதிரி அடுத்த வீட்டுக்குக் கிளம்பிவிடுவார்.

நாள் ஆக ஆக, ஏறுவதற்கு முன்பு வானத்தைப் பார்க்கும் நேரம் நீண்டது. மேலே போனால் கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்துவிடுவார். செங்கல் சூளை ஆபீஸின் கூரையில் ஒருதடவை, "மாமா, என்ன சத்தத்தையே காணோம்?" என்று மச்சான் கத்தின பிறகுதான், தான் ஸ்பேனரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பதே அவருக்கு உறைத்தது.

"சிக்னல் பார்த்துக்கிட்டிருக்கேன்."

"கண்ணை மூடிக்கிட்டா?"

இப்படியே கூரை கூரையாகத் தள்ளித் தள்ளி, மாசக் கடைசி நெருங்கும்போது ஒன்றே ஒன்றுதான் பாக்கி நின்றது. மரக்கடை. அதை அவர் வேண்டுமென்றே கடைசிக்கு ஒதுக்கியிருந்தார் என்று மச்சானுக்குத் தெரியும். தெரிந்தும் அதைக் கிண்டலடிக்காமல் வேனை நேராகக் கடைமுன் கொண்டுபோய் நிறுத்தினான்.

மரக்கடைக்காரர் பலகைகளை அடுக்கிக்கொண்டிருந்தார். ஒரு பலகையைக் கண்ணுக்கு நேராகத் தூக்கிப் பிடித்து வளைவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கீழே வைப்பார். அப்படிப்பட்ட கண் அவருக்கு.

"வாய்யா நேர்கோடு. உன்னைப் பத்திக் கேள்விப்பட்டேன். ஊர்ல இருக்கற டிஷ் மூக்கையெல்லாம் உடைச்சுக்கிட்டு வர்றியாமே?"

"உடைக்கல முதலாளி, சாய்க்கறேன். கம்பெனி அப்கிரேடு."

"எனக்கு நல்லாத்தானே ஓடுது? காலையில்கூட என் பையன்கிட்ட முகம் பார்த்துப் பேசினேன். பளிச்சுன்னு இருந்தான். எனக்கு எதுக்கு அப்கிரேடு?"

"உங்களுக்கு ஓடும் முதலாளி. நீங்க அனுப்பறதுல ஒரு துண்டு பக்கத்துல இருக்கறவன் மேல விழுது. அவனுக்குத்தான் ஓடாது."

"எந்தப் பக்கத்துல? கசாப்புக் கடையா, சலூனா?"

"அந்தப் பக்கம் இல்ல. மேல. எங்கயோ ஒரு கூரையில இருக்கறவன். அவன் யாருன்னு எனக்கும் தெரியாது."

"ஆளே யாருன்னு தெரியாது. அவனுக்காக என் கடை தலையில இருக்கறதைக் கோணலாக்கறே." மரக்கடைக்காரர் பலகையைக் கீழே வைத்தார். "சரி, ஒண்ணு கேக்கறேன். அன்னைக்கு நேரா வச்சது தப்பா?"

இவர் மேலே பார்த்தார். வெயிலில் அந்த டிஷ் புதுசு மாதிரி நின்றது. அந்த மூக்கு, கடையின் பெயர்ப்பலகைக்குச் செங்குத்தாக, நூல் பிடித்த மாதிரி.

"அன்னைக்கு அது சரி. இன்னைக்கு இது சரி."

"மரத்துல அப்படி ஒரு சட்டம் கிடையாதே. அன்னைக்குக் கோணல்னா என்னைக்கும் கோணல்தான்."

"இது மரம் இல்லையே முதலாளி."

"அதான் பார்க்கறேன். மரமா இருந்தா நம்பலாம்." அவர் கையைத் தட்டித் தூசியை உதறினார். "இந்த மூக்கைத் தொட்டே, மொத்தத்தையும் கழட்டிக்கிட்டுப் போயிடு. மெயின் ரோட்ல கேபிள் வந்தாச்சு. நாளைக்கே ஆள் வந்து போட்டுக் குடுத்துடுவான். கோணலா ஒரு சாமான் என் கடைமேல நிக்கக் கூடாது, சொல்லிட்டேன்."

இவரும் மச்சானும் வேனுக்கு வந்து உட்கார்ந்தார்கள். மச்சான் ஸ்டியரிங்மேல் கையை வைத்துக்கொண்டு, "மத்தியானம் சாப்பிட்டுத் தூங்குவார்ல மாமா? அப்ப ஏறித் திருகிட்டு வந்துடலாம். கொஞ்சமாத்தானே திருப்பணும், கண்டுபிடிக்கவா போறார்?" என்றான்.

"பலகையில ரோமம் அளவு வளைவைக் கண்டுபிடிக்கறவர் இதைப் பார்க்க மாட்டாராக்கும்? பார்க்காட்டியும் திருட்டுத்தனமா ஏற நான் யாரு, பூனையா? இந்தப் பகுதியில பகல்ல, முன்வாசல் வழியா ஏறினவன் நான்."

"அப்ப பகுதி போயிடுமே?"

அவர் போனை எடுத்துக் கண்ட்ரோல் ரூமைக் கூப்பிட்டார். அவள் எடுத்த எடுப்பிலேயே, "மரக்கடைதானே? விடுங்கண்ணே, இங்கிருந்தே பூட்டிடறேன். ஒரு பட்டன்தான். அது அனுப்பறது நின்னுடும், உங்க பகுதி சுத்தமாயிடும்" என்றாள்.

"அவர்கிட்ட சொல்லாமலா?"

"அவருக்கு எப்படித் தெரியும்? லைன் போயிடுச்சுன்னு உங்களைத்தான் கூப்பிடுவார்."

"கூப்பிட்டா நான் என்ன சொல்றது, பொய்யா?"

"இத்தனை நாள் அப்கிரேடுன்னு சொன்னீங்களே, அது மட்டும்..." என்று முணுமுணுத்த மச்சானை அவர் பார்த்த பார்வையில் அவன் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான்.

"பூட்டாதீங்க தங்கச்சி" என்றார் போனில். "நான் வச்சதை நான்தான் எடுக்கணும். ஒரு மணி நேரம் குடுங்க."

வேனிலிருந்து ஏணியை அவரே இழுத்தார். மச்சான் ஓடிவந்து மறுமுனையைப் பிடித்தான். அன்றைக்கு அவர் வானத்தைப் பார்க்கக்கூட நிற்கவில்லை. ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, சின்னக் குழந்தை மாதிரி ஏறினார். மேலே போய் டிஷ்ஷின் விளிம்பைத் துண்டால் ஒருதடவை துடைத்தார். கழற்றப்போகிற சாமானைத் துடைப்பானேன் என்று யாரும் கேட்கவில்லை. பிறகு வயரைப் பிடுங்கினார். மூக்கைக் கழற்றினார். கடைசி போல்ட் மட்டும் அசையவில்லை. டிஷ்ஷை வைத்த அன்றைக்குத் தன் முழுப் பலத்தையும் போட்டு முடுக்கியது. இன்றைக்கு அந்தப் பலம் இல்லை. ஸ்பேனரில் உடம்பையே சாய்த்துத் தொங்கின பிறகு, கிறீச்சென்று விட்டுக்கொடுத்தது.

மரக்கடைக்காரர் தெருவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். நிஜமாகவே கழற்றுவான் என்று அவர் எதிர்பார்த்திருக்கவில்லை. டிஷ் கயிற்றில் மெல்ல இறங்கி வந்தபோது, மச்சானோடு சேர்ந்து அவரும் ஒரு கை கொடுத்துப் பிடித்தார்.

"ஏய்யா, ஒரு பேச்சுக்குச் சொன்னா உடனே செஞ்சுடறதா?"

"நீங்க பேச்சுக்குச் சொல்றவர் இல்ல முதலாளி" என்றார் இவர் மூச்சு வாங்க. "நானும் பேச்சுக்கு ஏறறவன் இல்ல."

"நீ கொஞ்சம் உட்காரு முதல்ல. மூஞ்சி வெளுத்துக் கிடக்கு." மரக்கடைக்காரர் ஒரு ஸ்டூலைக் காலால் நகர்த்திவிட்டார். இவர் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தார்கள், குடித்தார். உடனே எழுந்துவிட்டார். இன்னும் கொஞ்சம் பேசியிருந்தால் சண்டைதான் வந்திருக்கும்.

வேனின் பின்பக்கம் டிஷ் கடகடவென்று ஆடிக்கொண்டு வந்தது. வழியிலேயே போன் அடித்தது.

"அண்ணே, மரக்கடை எங்க திரையிலயே இல்லையே, என்ன பண்ணீங்க?"

"எடுத்தாச்சு."

அந்தப் பக்கம் கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. "அப்ப உங்க பகுதியில பாக்கி ஒண்ணும் இல்லண்ணே. முடிஞ்சது. பகுதி உங்களுதுதான். படுக்கை பக்கத்தையும் திறந்துடுவாங்க."

"ம்."

"என்னண்ணே, சந்தோஷமில்லையா?"

"இருக்கு தங்கச்சி. வீட்டுக்குப் போய்ப் படுத்துட்டுச் சந்தோஷப்படறேன்."

புதுப் பக்கம் திறந்தது அவருக்கு எப்படித் தெரிந்தது என்றால், ஒரு சாயங்காலம் அவருடைய போன் அடிக்கவில்லை. பொழுது சாய்ந்தது, விளக்கு போட்டார்கள், ஊரே உட்கார்ந்து பார்க்கிற நேரமும் வந்தது. போன் மேசைமேல் கட்டை மாதிரி கிடந்தது. அவர் அதை இரண்டு தடவை எடுத்து, உயிரோடு இருக்கிறதா என்று பார்த்தார். அடுத்த அறையில் மனைவி தன் போனில் தங்கையோடு முகம் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள். நடுவில் ஒரு தடவைகூட "கேக்குதா? கேக்குதா?" என்று கத்தவில்லை. ஒருத்தராவது கூப்பிட்டு, நல்லா இருக்குங்க என்று சொல்லுவார் என்று காத்திருந்தார். நன்றாக இருப்பதைச் சொல்ல யார் போன் செய்கிறார்கள்?

அந்த அமைதி ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. மச்சான் காலையில் வந்து வாசலிலேயே நின்றுகொண்டான். முகத்தில் ஒரு தினுசான சிரிப்பு.

"மாமா, இடம் இல்லன்னு நிறுத்தி வச்சிருந்த புது இணைப்பையெல்லாம் கம்பெனி திறந்துவிட்டுட்டான். நம்ம பகுதிக்கு வந்திருக்கு. குவாரிக்குப் பின்னாடி புதுசா வீடு கட்டினாங்கல்ல, அந்த மொத்த வரிசையும். மேட்டுல ரெண்டு தெரு. அப்புறம்..."

"போதும், நிறுத்து."

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். தம்பியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், தைல பாட்டிலைக் கொண்டுவந்து அவர் பையின் பக்கவாட்டில் செருகினாள். "பகுதியைக் காப்பாத்தினீங்கல்ல? போங்க. ஏறுங்க" என்றாள். அதில் கோபம் எவ்வளவு, பெருமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவருக்கே முடியவில்லை.

குவாரி வரிசையில் முதல் வீட்டின் முன்னால் வேன் நின்றது. வீட்டுக்காரர் தெருவுக்கே வந்து, "நீங்கதான் நேரா வைப்பீங்களாமே?" என்று ஆவலாகக் கேட்டார்.

"சாய்ச்சுதான் வைப்பேன்" என்றார் அவர். "நேரா வேணும்னா வேற ஆளைப் பாருங்க. இந்தப் பகுதியில வேற ஆள் கிடையாது."

மச்சான் ஏணியைச் சுவரில் சாத்தி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். இவர் முதல் படியில் கால் வைக்கவில்லை. போனை எடுத்து, எண்ணை அழுத்தி, காதில் வைத்தார்.

"தங்கச்சி, நான்தான். இன்னும் ஏறல. எவ்வளவு சாய்க்கணும்னு முன்கூட்டியே சொல்லிடுங்க. ஒரு தடவைதான் ஏறுவேன்."